முதலில் பிரா, அப்புறம்தான் சிலிக்கான்

கேள்வி இதுதான்: "வயது 29, திருநங்கை. ஹார்மோன் சிகிச்சை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. எனக்குத் தோளும் மார்பும் அகலம். சிலிக்கான் மார்பகம் வாங்கலாம் என்றிருக்கிறேன். என்ன நிறம், என்ன அளவு, பசை போட்டு ஒட்டலாமா, நாள் முழுக்க அணியலாமா?"

நிறத்தைக் கடைசியில் பார்ப்போம். அளவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் ஜோடியில் நான் கோட்டை விட்டது அதில்தான். அளந்து பார்க்காமல், படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல். மூன்றாம் நாளே தோளில் பிரா பட்டை பதிந்து சிவந்த பள்ளம், கழுத்தின் பின்புறம் பிடிப்பு. அதற்குப் பிறகு பல தோழிகளுக்கு அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் முறை வாங்குகிறவர்களில் பாதிப் பேராவது தங்கள் உடம்புக்கு ஒரு கப் பெரியதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் எல்லோரிடமும் சொல்வது, முதலில் பிராவை வாங்குங்கள். செயற்கை மார்பகத்தைத் தாங்குவதும், அது எந்த உயரத்தில் நிற்கும் என்று முடிவு செய்வதும் பிராதான். ஆயிரம் கிராம் சிலிக்கானைத் தளர்ந்த பிராவுக்குள் வைத்தால் எவ்வளவு விலை உயர்ந்ததும் வயிற்றை நோக்கி இறங்கிவிடும்.

மார்புக்குக் கீழே, மார்புத் தசை முடிகிற இடத்தில், இஞ்சு டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு, இறுக்கமாக அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் பட்டை அளவு, அதாவது மார்பைச் சுற்றி வரும் பிராப் பட்டையின் அளவு. கடையில் பட்டை 36, 38 என்று இரட்டைப்படை எண்ணில் வரும். நீங்கள் அளந்தது ஒற்றைப்படையாக வந்தால் அடுத்த பெரிய எண்ணை எடுத்து உள்கொக்கியில் மாட்டிப் பாருங்கள். கொக்கி மாட்டியபின் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறினால் அது தளர்வு. தோளில் வரும் பட்டையை இழுத்துக் கட்டி அதைச் சரி செய்யப் பார்ப்பார்கள். அங்கிருந்துதான் தோள்வலி ஆரம்பம். எடையில் பெரும் பகுதியை மார்பைச் சுற்றிய பட்டை தாங்க வேண்டும், தோளில் இருப்பது பிடிமானத்துக்கு மட்டும். தோளில் அகலமான பட்டை, பின்னால் மூன்று வரிசைக் கொக்கி, கப்புக்கு உள்ளே துணிப்பை தைத்தது, கம்பி இல்லாதது. இப்படி ஒன்று தேடுங்கள். மார்பகம் அகற்றியவர்களுக்கான பிரா என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். சாதாரணப் பிராவில் மெல்லிய பருத்தித் துணியால் நாமே பை தைத்துக்கொள்ளவும் முடியும். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

சரி, கப். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சி கப் என்பது ஒரு நிலையான அளவு கிடையாது. 34 டி, 36 சி, 38 பி மூன்றும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவுதான். பட்டை பெரிதாக ஆக, அதே எழுத்துக்கு உள்ளே போகும் பொருள் கூடிக்கொண்டே போகும். ஒல்லியான தோழி "நான் சி போடுகிறேன்" என்று சொன்னதைக் கேட்டு 40 பட்டைக்காரர் சி வாங்கினால் அவளுடையதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சுமப்பார்.

வாங்கும் முன் அளவைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு மூடுங்கள். இரண்டு பக்கமும் பிரா கப்புக்குள் வைத்து, வழக்கமாகப் போடும் மேலாடையை மேலே போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். பக்கவாட்டிலும் திரும்பிப் பாருங்கள். போதவில்லை என்றால் 400, பிறகு 500. சிலிக்கான் ஜெல்லின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான், அதனால் 500 மில்லி தண்ணீர் என்றால் சுமாராக 500 கிராம் சிலிக்கான். உருவமும் தெரிந்துவிடும், பாரமும் தெரிந்துவிடும். அப்படியே ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்து பாருங்கள், குனிந்து நிமிருங்கள். கண்ணாடி 600 கேட்கும், முதுகு 400 போதும் என்று சொல்லும். முதுகு சொல்வதைக் கேளுங்கள்.

அகலத் தோள் இருப்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது அடிப்பகுதி அகலம். முன்னால் துருத்தி நிற்கும் உயரத்தைக் கூட்டினால் பலன் இல்லை. நெஞ்செலும்பின் ஓரத்தில் இருந்து அக்குளின் முன்மடிப்பு வரை அளந்து, அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவான அடி அகலம் உள்ளதை எடுங்கள். அகல மார்பில் குறுகலான, உருண்டையான ஜோடியை வைத்தால் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதே எடையில் அடி பரந்து மேற்புறம் சரிவாக இறங்கும் துளி வடிவமோ, முனை மழுங்கிய முக்கோண வடிவமோ எடுத்தால் உடம்போடு கலந்துவிடும்.

வைக்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. புதிதாக அணிபவர்கள் அநேகமாக மேலேயும் நடுவில் நெருக்கியும் வைப்பார்கள். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி எங்கே வருகிறதோ, சுமாராக அந்த உயரத்தில் காம்பு வரட்டும். இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். அகல மார்பில் நடுவில் இடைவெளி இருப்பது இயல்பு, அதை மூட முயல வேண்டாம்.

இனி பொருளைப் பற்றி. கடையில் கிடைப்பதில் தரமானவை பெரும்பாலும் புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்காக உருவானவை. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1970-இல் மார்பகப் புற்றுநோய் அறுவை செய்துகொண்டார். அப்போது கிடைத்த செயற்கை மார்பகங்கள் பிடிக்காமல், இடது வலது என்று தனித்தனி வடிவத்தோடு தாமே தயாரித்து 'நியர்லி மி' என்ற பெயரில் விற்றார். ஒரு பக்கம் இழந்தவருக்கு மறுபக்கத்து மார்பகத்தின் எடைக்குச் சமமாக ஒன்று தேவை, உடம்பு சமநிலையில் நிற்பதற்காக. அறுவையில் அக்குள் பக்கம் ஏற்பட்ட குழியை நிரப்ப அந்த ஓரம் நீண்டிருப்பதும் உண்டு. இந்த இரண்டு தேவையும் நமக்கு இல்லை. இரண்டு பக்கமும் நாமே வைக்கிறோம், அதனால் எதற்கும் சமன் செய்ய வேண்டியதில்லை. "உண்மையான மார்பகத்தின் எடை இருந்தால்தான் நல்லது" என்று விற்பவர் சொன்னால் அது ஒரு பக்கம் இழந்தவர்களுக்குச் சொன்ன அறிவுரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த சிலிக்கான் வகைகள் வழக்கமானதைவிடக் கால்பங்கு, அதற்கும் மேல் லேசாகக் கிடைக்கின்றன. தினமும் வேலைக்கு அணிவதற்கு என் முதல் தேர்வு அதுதான். ஒரே குறை, குனியும்போது லேசானது கொஞ்சம் மேலே எழும்பும். உள்பை உள்ள பிரா அதைப் பிடித்துக்கொள்ளும். அக்குள் பக்கம் நீளாத, இருபுறமும் ஒரே மாதிரியான வடிவத்தை வாங்குங்கள்.

நல்ல தயாரிப்பில் ஜெல்லைச் சுற்றி பாலியூரித்தேன் என்ற மெல்லிய உறை இருக்கும். உறையே இல்லாமல் முழுக்க மென்சிலிக்கானில் வார்த்த மலிவான சில வகைகள் எண்ணெய் கசியும், தூசி ஒட்டும், துணியில் கறை படியும். கையில் எடுத்ததும் பிசுபிசுவென்று இருந்தாலோ ரசாயன வாடை அடித்தாலோ வேண்டாம். கழுத்தில் இருந்து இடுப்பு வரை ஒரே துண்டாக மாட்டும் சிலிக்கான் கவசங்கள் மேடைக்கும் படம் எடுப்பதற்கும் பிரமாதம், கழுத்து இறங்கிய உடையில் கூட விளிம்பு தெரியாது. ஆனால் பல கிலோ எடை, உள்ளே காற்றே போகாது, வியர்வை தேங்கி வழியும். ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும். கழுத்து வளையம் இறுக்கமாக இருந்தால் அந்தக் கவசம் உங்களுக்கானது இல்லை. இன்னொன்று, அவசரத்தில் யாராவது உங்கள் நெஞ்சில், இதயத் துடிப்பைச் சரிசெய்ய மின்அதிர்ச்சி தரும் கருவியின் ஒட்டுகளை வைக்க வேண்டி வந்தால் வெறும் தோல் தேவை, கவசத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கூட வருபவர் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

சிலிக்கான்தான் என்று கட்டாயமும் இல்லை. நுரைப் பஞ்சு, பின்னிய பருத்தி உறைக்குள் நார்ப்பஞ்சு, இவையெல்லாம் வீட்டிலும் உறங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் சிலிக்கானைவிட மேல். குறை என்னவென்றால் எடையே இல்லாததால் நாள் போகப் போக மேலே ஏறும். அடிப்பக்கத்தில் சிறு எடை ஏதாவது தைத்தால் சரியாகிவிடும். நீர் நிரப்பிய பலூன் வேண்டாம், அது எங்கே எப்போது உடையும் என்று அதற்குத்தான் தெரியும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நான்கு மாதம். ஹார்மோன் தொடங்கியவர்களுக்கு மார்பு வளர்ச்சி பொதுவாக மூன்றில் இருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கும், இரண்டு மூன்று ஆண்டு வரை தொடரும். எவ்வளவு வளரும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. இப்போது காம்புக்குப் பின்னால் சிறு கட்டி மாதிரி ஒன்று வந்திருக்கலாம், தொட்டாலே உயிர் போகிற வலி இருக்கலாம். அந்த இடத்தில் தட்டையான முதுகுள்ள, கனத்த சிலிக்கானை அழுத்தி வைத்தால் மாலைக்குள் உங்களால் தாங்க முடியாது. பின்பக்கம் குழிந்த வகையை எடுங்கள், வளரும் மார்பு அந்தக் குழிக்குள் அமர்ந்துகொள்ளும். செயற்கை மார்பகம் அணிவதால் வளர்ச்சி தடைபடுமா என்று நிறையப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். தடைபடாது, வேகமாகவும் ஆகாது. வலிதான் பிரச்சினை. வலிக்கிற நாளில் லேசான நுரைப் பஞ்சு போதும். பெரிய தொகை போட்டு இப்போதே வாங்குவதையும் தள்ளிப்போடச் சொல்வேன். ஓராண்டில் உங்கள் மார்பே மாறியிருக்கும், பிறகு முழு மார்பகத்துக்குப் பதில் மேலே வைக்கும் மெல்லிய பாதி வடிவமே போதுமானதாக இருக்கலாம்.

பசை. என் நேரடியான பதில், தினசரி உபயோகத்துக்கு வேண்டாம். உள்பை உள்ள பிராவே தாங்கும்போது தோலை எதற்கு வதைக்க வேண்டும்? பிரா பட்டை வெளியே தெரியக் கூடாத உடை, நடனம், நீச்சல் மாதிரி எப்போதாவது வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தோலுக்கென்று தயாரித்த மருத்துவப் பசையோ இருபுறமும் ஒட்டும் மருத்துவ டேப்போ மட்டும்தான். வீட்டில் பொருள் ஒட்டும் பசை எதுவும் தோலுக்கு ஆகாது, உடனே ஒட்டும் பசை என்றால் தோலோடு பிய்ந்து வரும். முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால், கொப்புளம் வந்தால் அந்தப் பசை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பல மாதம் ஒன்றும் செய்யாமல் திடீரென்றுகூட ஒவ்வாமை தொடங்கும்.

நெஞ்சில் முடி மழித்த அன்றே பசை தடவினால் எரியும், மழித்ததற்கும் ஒட்டுவதற்கும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். லோஷன், எண்ணெய் எதுவும் இல்லாத உலர்ந்த தோலில் தடவி, பசை முக்கால்வாசி காய்ந்து ஒட்டும் பதம் வந்தபின் வைத்து அழுத்துங்கள். காம்பிலும் மச்சத்திலும் புண்ணிலும் பசை படக் கூடாது. ஒட்டியிருந்தாலும் முடிந்தவரை பிரா போடுங்கள், ஏனென்றால் ஒரு கிலோவைத் தோல் மட்டும் தாங்கினால் மேல் விளிம்பில் நீர்க்கொப்புளம் கிளம்பும். கழற்றும்போது பிளாஸ்டரைப் போல வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பசை நீக்கியையோ, பசையின் குறிப்பில் அனுமதித்திருந்தால் எண்ணெயையோ விளிம்பில் விட்டு, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் மெதுவாக உருட்டி எடுங்கள். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். ஒட்டியபடி உறங்க வேண்டாம்.

நாள் முழுக்க அணியலாமா என்றால், அணியலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிலிக்கானுக்கும் தோலுக்கும் நடுவே பருத்தித் துணி இருப்பது அவசியம், உள்பை அதையும் செய்துவிடுகிறது. நடுப்பகலில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்க் கழற்றி, வியர்வையைத் துடைத்து, இரண்டு நிமிடம் காற்று பட விட்டு மறுபடி மாட்டுங்கள். கைப்பையில் ஒரு சின்னத் துண்டு இருந்தால் போதும். கழற்றியதும் தெரிகிற லேசான சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாத சிவப்பு, மடிப்பில் ஈரமான சொறி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள், அரிப்பு, வாடை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறும்வரை அணியாதீர்கள். பூஞ்சைக்கான களிம்பு கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகவே பூசாதீர்கள், முதல் இரண்டு நாள் குறைந்த மாதிரி தெரியும், பிறகு இன்னும் பரவும்.

கை விரல் மரத்துப்போவது, தோளில் பள்ளம் நிரந்தரமாகத் தங்குவது, தலைவலியோடு கழுத்துப் பிடிப்பு, இவையெல்லாம் எடை அதிகம் என்று உடம்பு சொல்லும் புகார். சின்ன அளவுக்கு இறங்குவதில் வெட்கம் இல்லை. நான் இரண்டு அளவு இறங்கினேன், என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

காம்பில் இருந்து இரத்தம் அல்லது நீர் கசிந்தால், ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி வளர்ந்தால், புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹார்மோன் எடுக்கும் நமக்கும் மார்பகத் திசு இருக்கிறது, அதற்கு வரக்கூடிய நோயும் வரலாம்.

இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். "சிலிக்கான் ஊசி போட்டால் நிரந்தரமாகிவிடுமே, தினமும் மாட்டிக் கழற்றுவது எதற்கு" என்று யாராவது சொல்வார்கள். வெளியே அணியும் சிலிக்கானும் உள்ளே செலுத்தும் திரவ சிலிக்கானும் பெயரில் மட்டும்தான் ஒன்று. திரவம் ஓரிடத்தில் நிற்காது. இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் நுரையீரலையும் மூளையையும் அடைத்து உயிரை எடுக்கும். உடனே ஒன்றும் ஆகாவிட்டாலும் பல ஆண்டு கழித்துக் கட்டியாகவும் ஆறாத புண்ணாகவும் வெளிவரும், முழுதாக எடுக்கவும் முடியாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. நிரந்தரம் வேண்டுமென்றால் அதற்கு அறுவை மருத்துவர் இருக்கிறார், உறைக்குள் அடைத்த உள்வைப்பு இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் போடும் ஊசி அந்த வரிசையிலேயே வராது.

பராமரிப்பு அதிகம் இல்லை. அணிந்த ஒவ்வொரு நாளும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டுக் கையால் கழுவி, ஒற்றி எடுத்து, முழுக்கக் காய்ந்தபின் அதன் பெட்டியில் உள்ள குழியில் வையுங்கள். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக ஈரத்தோடு பைக்குள் திணிப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் திணித்தவள்தான். தோல் கெடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்றால், காற்று போகும் துணிப்பையில், துடைத்துவிட்டு வையுங்கள். ஊசி, புரூச், பூனை நகம், கல் வைத்த மோதிரம் நான்கும் எதிரிகள். ஓட்டை விழுந்தால் ஜெல் வழிந்து ஓடாது, டேப் ஒட்டி அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம், அப்புறம் மாற்றியாக வேண்டும். நீச்சல் குளத்தில் இறங்கினால் உடனே நல்ல நீரில் அலசுங்கள், குளோரின் உறையைக் கெடுக்கும். தினமும் அணிகிற ஜோடி இரண்டு ஆண்டு உழைத்தால் கணக்குத் தீர்ந்தது. விமான நிலைய ஸ்கேனரில் அது வித்தியாசமாகத் தெரியலாம். அணிந்திருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, சோதனை தேவையென்றால் தனி அறையில் வேண்டும் என்று கேளுங்கள்.

நிறம். கழுத்து மூடிய உடைக்குள் என்ன நிறம் இருந்தாலும் ஒன்றுதான். வெளிர் நிற மெல்லிய மேலாடையில் மட்டும் உங்கள் தோலைவிட வெளுத்தது துருத்திக்கொண்டு தெரியும், அதனால் சந்தேகம் வந்தால் ஒரு நிழல் கருமையானதை எடுங்கள். கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாமல் பகல் வெளிச்சத்தில், முகத்தை விட்டுவிட்டு மார்பின் மேற்புறத் தோலோடு ஒப்பிடுங்கள். முகம் வெயிலில் கறுத்திருக்கும்.